மூக்கு கொடுத்தவள்

"எழிலு, பருப்பு அடி புடிக்குது பாரு" என்று உள்ளறையிலிருந்து நைனா குரல் கொடுத்ததும் எழில் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். குண்டானின் அடியில் பருப்பு கறுத்துப் பாளமாக ஒட்டியிருந்தது. புகை கண்ணைக் கரித்தது. நாற்றம் மட்டும் தெரியவில்லை. அவளுக்கு நாற்றமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பத்து மாசமாகவே அப்படித்தான். கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்த கை நடுவில் நின்றது.

நைனாவுக்கும்தான் கிடையாது.

இருபத்தைந்து வருஷமாகப் பொடி போட்டு மரத்துப்போன மூக்கு அவருடையது. சுவருக்கு அந்தப் பக்கம் பெருச்சாளி செத்து ஊதிக் கிடந்தபோது தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. அப்பா சகாதேவன் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாகக் கூழ் குடித்தார். அம்மா ஆராயி அதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

எழில் உள்ளறை வாசலில் போய் நின்றாள். படுக்கைப்புண் வராமலிருக்க மத்தியான நேரத்தில் அவரைக் குப்புறப் புரட்டிப் போடுவது வழக்கம். முகம் முழுக்கத் தலையணையில் புதைந்திருந்தது. சட்டையில்லாத முதுகு, நடுவில் ஒரு சாண் நீளத் தழும்போடு, மேற்கூரையைப் பார்த்துக் கிடந்தது.

"எப்டி நைனா தெரிஞ்சுது?"

"இன்னாது?"

"பருப்பு."

தலையணைக்குள்ளிருந்து அமுங்கிய குரல் வந்தது. "தெர்ல. தெரிஞ்சுது."

அந்த முதுகுதான் அவளைப் படிக்க வைத்தது. கீழ்பென்னாத்தூரில் லாரிக்கு மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, ஏற்றிய முதுகு. அவள் காலேஜ் கடைசி வருஷத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த வாரம், அடுக்கிய மூட்டைகளின் உச்சியிலிருந்து மல்லாக்க விழுந்தார் சகாதேவன். இடுப்புக்குக் கீழே எல்லாம் அன்றைக்கே போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "இவ்ளோதாம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதன்பிறகுதான் குடும்பம் திருவண்ணாமலைக்கு வந்தது. செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை. ஆராயி கிரிவலம் வருகிறவர்களுக்கு அவித்த மல்லாட்டை விற்றாள். எழில் ஒரு பிரவுசிங் சென்டரில், பி.எஸ்சி. விலங்கியல் முதல் வகுப்பு, அடுத்தவர்களின் பயோடேட்டாவை டைப் அடித்துக் கொடுத்தாள்.

வெள்ளைக்காரர்கள் தங்கிக்கொண்டிருந்த ஒரு விடுதியை வாடகைக்கு எடுத்து, தண்டுவடம் அறுந்தவர்களை நடக்க வைக்கிறோம் என்று புதிதாக ஒரு மருத்துவமனை வந்தது. டாக்டர் சக்கரபாணி வெளிநாட்டில் படித்தவர், மெதுவாகப் பேசுகிறவர். முதல் நாலு பேருக்குச் சிகிச்சை இலவசம் என்றார். இலவசம் என்று சொல்லும்போதே எழிலுக்கு ஏதோ இடறியிருக்க வேண்டும். பணக்காரன் முதுகில் முதலில் செய்து பார்க்க எவனுக்குத் தைரியம் வரும்?

"மத்த நரம்பெல்லாம் அறுந்தா அறுந்ததுதாம்மா" என்றார் அவர். "மோப்ப நரம்பு மட்டும்தான் ஆயுசு பூரா செத்துச் செத்து மறுபடி முளைக்கும். அப்படி முளைக்கிற நரம்பைச் சுத்தி அணைச்சு, வழிகாட்டி, மூளை வரைக்கும் கூட்டிட்டுப் போறதுக்குன்னே மூக்குல சில செல்கள் இருக்கு. அதைக் கொண்டுவந்து தண்டுவடத்துல அறுந்த இடத்துல வச்சா, அங்க இருக்கிற நரம்புக்கும் அது வழிகாட்டும். இவர் பொடி போடுவாரா?"

"போடுவாரு சார்."

"அப்ப இவர் மூக்கு உதவாது. ரத்த சொந்தத்துல யாராச்சும் தரணும்."

"நான் தர்றேன்" என்றாள் எழில். யோசிக்கவே இல்லை.

ஒப்புதல் படிவம் பன்னிரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். சக்கர நாற்காலியில் இருந்த நைனா பக்கத்திலிருந்த நர்ஸிடம், "எம் பொண்ணு டிகிரி. எல்லாம் படிச்சுப் பாத்துட்டுத்தான் போடும்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். நாலாவது பக்கத்தில் எழிலுக்கு இடித்தது. அந்தச் செல்களை மட்டும் பிரித்தெடுத்து வளர்த்து வைப்பார்களா, மூக்குச் சவ்வை வெட்டியெடுத்து அப்படியே உள்ளே வைப்பார்களா? சவ்வு என்றால் அதில் மோப்பம் பிடிக்கிறது இருக்கும், சளி சுரக்கிறது இருக்கும். ஒரே ஒரு கேள்வி. கேட்டால் தன்னுடைய இங்கிலீஷ் கீழ்பென்னாத்தூர் கவர்மென்ட் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். நைனாவுக்கும் தெரிந்துவிடும்.

"புரியுதாம்மா?"

"புரியுது சார்."

போட்டாள் கையெழுத்தை. அவருக்கும் சேர்த்து, தனக்கும் சேர்த்து.

ஆபரேஷன் முடிந்ததும், ஒரு மாசத்தில் திரும்பிவிடும் என்றார்கள் அவளுடைய மோப்பம். வரவில்லை. நாலாம் மாசம் மருத்துவமனையின் பலகையைக் கழற்றிவிட்டார்கள். சக்கரபாணி எந்த நாட்டுக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு கஃபே. வெள்ளைக்காரர்கள் பாய் போட்டு உட்கார்ந்து இஞ்சி எலுமிச்சை டீ குடிக்கிறார்கள்.

பருப்பு தீய்ந்த மறுநாள், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, எழில் அவர் கண்ணில் துண்டைக் கட்டினாள். கற்பூரத்தைக் கசக்கி மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"இன்னா காட்ற? ஒண்ணுந் தெர்லியே."

கையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய் முதுகுத் தழும்புக்கு மேலே பிடித்தாள்.

"சூடம்" என்றார் நைனா.

மண்ணெண்ணெய் நனைத்த துணி. "கிருஷ்ணாயில்." காபித்தூள். "காபி." ஈரத்துண்டைத் தழும்பின் மேல் போட்டு மூடிவிட்டுக் கேட்டபோது அவருக்கு எதுவும் தெரியவில்லை. துண்டை எடுத்ததும், "இப்ப வருது, காபிதான்" என்றார்.

அவருக்கு ஒரே சிரிப்பு. "முதுவுல மூக்கு மொளச்சிருக்குதா? அப்ப தும்மல் வந்தா இன்னா பண்றது? எவன் மூஞ்சில அடிக்குமோ!"

எழிலும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தற்செயலாகக் கீழே பார்த்தாள். வலது காலின் கட்டைவிரல் அசைந்தது. ஒரு தரம். இன்னொரு தரம். ஒன்றரை வருஷமாகக் கட்டையாகக் கிடந்த கால்.

அன்று சாயங்காலம் ஆராயி அந்தக் கட்டைவிரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "அண்ணாமலையாரே, இவரு நடந்தா நான் மலையச் சுத்தி அங்கப்பிரதட்சணம் பண்றேன்" என்று வேண்டிக்கொண்டாள். எழில் சாமியை நம்புகிறவள் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து தினமும் எதையாவது வாங்கி வந்தாள். மல்லிகைப்பூ, சாம்பிராணி, பழுத்த பலாச்சுளை, கருவாடு. ஒவ்வொன்றையும் தழும்புக்கு மேலே பிடித்தாள். விரல் பாதமாயிற்று, பாதம் கணுக்காலாயிற்று. இருபது நாளில் முழங்கால் மடங்கியது. நைனா நடந்துவிடுவார். தான் போட்ட கையெழுத்து வீண் போகவில்லை. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவர் நடந்துவிட்டால் போதும், அந்த நாலாம் பக்கத்தை அவள் ஜென்மத்துக்கும் நினைக்க வேண்டியதில்லை.

உடம்பு அடுத்தவர் சதையைத் தள்ளிவிடும், அதனால் விடாமல் சாப்பிட வேண்டும் என்று கொடுத்த மாத்திரைகள் தீர்ந்து ஆறு மாசமாகியிருந்தது. உடம்பு தள்ளவில்லை. உள்ளே போனது வசதியாக உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் அவள் கேட்டாள். "இப்ப நான் எதுவும் காட்ட மாட்டேன். நீயா கால மடக்கு நைனா."

அவர் முக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. கால் கிடந்தபடி கிடந்தது.

"நானா ஆட்டறதில்ல, எழிலு" என்றார் வெட்கத்தோடு. "நீ எதுனா காட்டினா அதுவா ஆடுது. சொன்னா உங்கம்மா அழுவும்னு சொல்லல."

எழிலும் அம்மாவிடம் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவர் தூக்கத்தில் பேச ஆரம்பித்தார். மத்தியானத் தூக்கம், வெளியே வெயில் தகரத்தை முறுக்கும் சத்தம், எங்கோ ஒரு டேப் ரெக்கார்டரில் தேய்ந்த பஜனை. "தவள நாத்தம் வருது" என்றார். "கண்ணாடி ஜாடி. வெள்ளத் தவள. ஜன்னலாண்ட அந்தப் பொண்ணு அழுவுது, கை நாத்தம் போவலன்னு." சகாதேவன் அவளுடைய காலேஜ் கேட்டைத் தாண்டி ஒருநாளும் உள்ளே வந்தவர் இல்லை. ஃபார்மலின் ஜாடிகள் இருந்த அந்தச் சோதனைக்கூடத்து ஜன்னலோரத்தில் அவள் அழுதது ஒருவருக்கும் தெரியாது.

தழும்பும் முன்போல் இல்லை. காலையில் பனியன் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்து எடுத்தால் துணியில் காய்ந்த சளி மாதிரி பளபளப்பாக ஒரு திட்டு. நடுவில் பக்கம் பக்கமாக இரண்டு சின்னக் கீறல்கள் விழுந்திருந்தன. புண் என்று நினைத்து மஞ்சள் வைக்கப் போனவளின் விரல் நுனியில் குளிர்ச்சி பட்டது. காற்று. உள்ளே போகிற காற்று. விரலை எடுத்தாள், திரும்ப வைத்தாள். நைனாவின் விலா ஏறி இறங்கிய தாளம் ஒன்று. இந்தக் காற்றின் தாளம் வேறு. தன் இன்னொரு கையை அவளே அறியாமல் தன் மார்பில் வைத்துப் பார்த்தாள்.

அவளுடைய மூச்சோடு ஒத்துப் போயிற்று அது.

அந்தப் பழைய மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்த வேணு இப்போது அதே கட்டிடத்துக் கஃபேயில் டம்ளர் கழுவுகிறான். எழில் பின்பக்கமாகப் போய் அவனைப் பிடித்தாள்.

"மூக்குச் செல்லப் பிரிச்சாங்களா இல்லியா? நெஜத்தச் சொல்லு."

"எனுக்கு இன்னாக்கா தெரியும்?" என்றான் வேணு. பிறகு அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பிரிக்கல கிரிக்கல. உன் மூக்குலர்ந்து எடுத்தாரு, உப்புத் தண்ணில அலசுனாரு, அப்டியே கொண்டாந்து வச்சாரு. நான்தான் தட்டு புடிச்சேன். சொன்னத விட ஜாஸ்தியாவே எடுத்தாருக்கா."

"மத்தவங்களுக்கு?"

"மூணு பேருக்கு ஒண்ணும் ஆவல. நல்லதும் ஆவல, கெட்டதும் ஆவல. அவங்களுக்கு வச்சது அவங்கவங்க மூக்கு." அவன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "உங்க நைனாவுக்குத்தான் வேற ஆள் மூக்கு."

இரண்டு நாள் படித்துப் பார்த்த பிறகு போட்டிருக்க வேண்டிய கையெழுத்தை இரண்டு நிமிஷத்தில் போட்டவள், அன்று ராத்திரி முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். திங்கட்கிழமை மெட்ராஸுக்குக் கூட்டிப்போவது. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, உள்ளே இருப்பது எதுவானாலும் வெட்டி எடுக்கச் சொல்வது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. சாயங்காலம் நாலு மணிக்கே ரோடு நிரம்பிவிட்டது. ஆராயி கூடையோடு போய்விட்டாள், விடியும்வரை வரமாட்டாள். சந்து முனையில் லட்சம் வெறுங்கால்கள் தார் ரோட்டில் தேய்ந்து போகிற சத்தம், அரிசி புடைப்பது மாதிரி, நிற்காமல், ஏறாமல் இறங்காமல், சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது. அவ்வப்போது "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஒரு குரல் எழும்பும், நூறு குரல்கள் அதை வாங்கிக்கொள்ளும். கற்பூரமும் வியர்வையும் பூவும் எண்ணெயும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சந்துக்குள் வந்திருக்கும். எழிலுக்கு அதெல்லாம் தெரியாது. கட்டிலில் குப்புறக் கிடந்த நைனாவின் கால்கள்தான் அவளுக்குச் சொல்லின. போர்வைக்குள் இரண்டும் நடந்துகொண்டிருந்தன. இடது, வலது, இடது, வலது. வெளியே போகிறவர்களின் நடையோடு.

இருட்டியதும் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

"எடுத்துட்டா கால் மறுபடி போயிடும்ல?" என்று கேட்டார் அவர்.

"அது உன் கால் இல்ல நைனா. நீ ஆட்டல."

"எவன் ஆட்னா இன்னா?" தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினார். கண் சிவந்திருந்தது. "ஊரே நடக்குது எழிலு. காது கேக்குதுல்ல உனுக்கு? நடந்தா போதும். யார் நடக்க வச்சா எனுக்கின்னா?"

"உள்ள இருக்கறது என்னுது. நான்தான் குடுத்தேன். நான்தான் எடுக்கச் சொல்றேன்."

"படிச்ச திமிரு" என்றார் அவர்.

அதுவரை அந்த வார்த்தையை வாழ்க்கையில் ஒருதரம்கூட அவர் சொன்னதில்லை. எழில் எழுந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. விசிறி இழுத்து இழுத்துச் சுற்றி நின்றது. அவள் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. கதவும் இல்லை, உள்ளறைப் பக்கமாகத் திறந்த ஒரு நிலை மட்டும். மெழுகுவர்த்தியை ஏற்றி மேடைமேல் நிறுத்தினாள். வந்தது அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பின்னால் ஒரு காலடி.

அம்மா என்று நினைத்தாள். எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்திருப்பாள். ஆனால் தெருக்கதவு கிறீச்சிடவில்லை. சிமெண்ட் தரையில் ஈர உள்ளங்கால் ஒட்டிப் பிரிகிற சத்தம். இன்னொன்று. வெளியே லட்சம் கால்கள். உள்ளே இரண்டு.

"நைனா?"

ஒட்டிப் பிரிகிற சத்தம். நடுவில் உறிஞ்சல் ஒன்று, சளி பிடித்த குழந்தை மூக்கை இழுப்பது போல.

சுடர் சாய்ந்தது. காற்று இல்லை. ஆனாலும் சாய்ந்தது, உள்ளறைப் பக்கமாக. நிமிர்ந்தது. திரும்பவும் சாய்ந்தது.

"எழிலு" என்று நைனாவின் குரல் கேட்டது. தூரத்திலிருந்து வருவது போல் இருந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துப் பேசினால்தான் குரல் அப்படி வரும். "எழிலு, நான் இல்ல. நான் நடக்கல கண்ணு. நான் இல்ல."

நிலையில் ஒரு முதுகு தெரிந்தது.

குதிகால் முன்னால் வந்தது. அப்புறம் பாதம். மூங்கில் குச்சியாகச் சூம்பிப்போன கால்கள் பின்பக்கமாக அடியெடுத்து வைத்தன, தடுமாறவே இல்லை, வழி தெரிந்த கால்கள். இடுப்புக்கு மேலே உடம்பு முன்னால் சரிந்து அந்தப் பக்கமாகத் தொங்கியது. தலை தெரியவில்லை. முதுகு மட்டும். அதன் நடுவில் ஈரமாக, அகலமாக, இரண்டு துளைகள். விரிந்தன. சுருங்கின. மேடையின் இந்தப் பக்கம் திரும்பின. அந்தப் பக்கம். அவள் நின்ற மூலைக்கு வந்ததும் நின்றன.

எழில் மூச்சை அடக்கினாள்.

அதுவும் அடக்கியது.

முடியவில்லை. விட்டாள். அதுவும் விட்டது. சூடாக, அவள் முகத்தில் பட்டது.

நைனாவின் இரண்டு கைகளும் பின்னால் வந்து நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டன. மூட்டை தூக்கிய கைகள். நகம் மரத்தில் கீறியது. கால்கள் இழுத்தன. கைகள் விடவில்லை. தோள்பட்டையில் எலும்பு நெறிபடும் சத்தம் கேட்டது.

"ஓடிடு கண்ணு. வெளிய ஓடிடு."

எங்கே ஓடுவது? வழி முழுக்க முதுகு.

"நைனா, விடாத! புடிச்சுக்க நைனா!"

"புடிச்சிருக்கேன்... புடிச்சிருக்கேன்..." அழுதுகொண்டே சொன்னார். கால்கள் அதே இடத்தில் மிதித்தன. இடது, வலது, இடது, வலது. ஒன்றரை வருஷமாக மிதிக்காத தரை. வெளியே ஒரு குரல் அரோகரா என்றது. நூறு குரல்கள் வாங்கிக்கொண்டன.

நைனாவின் அழுகை நின்றது.

"எழிலு" என்றார். குரல் மாறியிருந்தது. மெதுவாக, வியப்பாக, முதல்முதலாகத் தானே எழுந்து நின்றுவிட்ட குழந்தையின் குரல். "எழிலு... நான் நிக்கறேன் பாரு."

"நைனா, வேணாம்."

"தர தெரியுது எழிலு. ஜில்லுனு தெரியுது."

சுடர் முழுக்கச் சாய்ந்து அந்தத் துளைகளை நோக்கி நீண்டது. அந்த வெளிச்சத்தில் அவள் நிலைக்கட்டையைப் பார்த்தாள். வலது கையின் சுண்டுவிரல் விட்டது. அப்புறம் மோதிரவிரல். பிடி நழுவவில்லை. ஒவ்வொரு விரலாக, அவராகவேதான் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நடக்கறேன்" என்றார் நைனா.